பற்றாக்குறையே பகடியாதல்: 'டார்க் ஸ்டார்' (1974) திரைப்படமும் அதன் கல்ட் நிலையும்

குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, வெளிவந்த காலத்தில் வணிக வெற்றி பெறாது போய், பின்னர் ஒரு சிறு பார்வையாளர் வட்டத்தால் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு நிலைபெறும் திரைப்படங்களைக் 'கல்ட்' படங்கள் என்று திரைப்படத் திறனாய்வாளர் வழங்குவர். இச்சொல்லை 'வழிபாட்டுப் படம்' எனத் தமிழாக்கினால் பக்திப் படம் என்னும் பொருள்மயக்கம் நேரும். ஆகவே 'கல்ட்' என்ற வழக்கே இக்கட்டுரையில் கையாளப்படுகிறது. இவ்வகைப் படங்களுள் அறிவியல் புனைவைப் பகடி செய்யும் மலிவுப் படங்களுக்குத் தனி இடம் உண்டு. அட்டையால் செய்த விண்கலம், நூலில் தொங்கும் பறக்கும் தட்டு, ரப்பர் முகமூடி அணிந்த வேற்றுக்கோள்வாசி ஆகியவை இப்படங்களின் அடையாளங்களாகவே ஆகிவிட்டன.

இப்படங்கள் விரும்பப்படுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: அவை மோசமாக இருப்பதனாலேயே சுவையாக இருக்கின்றன என்பதாம். இவ்விளக்கம் எளிதாக இருப்பதனாலேயே ஐயத்திற்குரியது. மோசமாக எடுக்கப்பட்ட படங்கள் எண்ணிலடங்கா. அவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறை பார்க்கப்பட்டு மறக்கப்பட்டவை. குறைபாடு மட்டுமே ஒரு படத்தை நிலைநிறுத்துமாயின் அவை யாவும் நிலைத்திருக்க வேண்டும். எனவே, எவ்வகைக் குறைபாடு, கதைக்குள் எவ்விடத்தில், யாருடைய அறிவோடு நிற்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. ஜான் கார்ப்பென்டர் இயக்கி, டான் ஓ'பேனனுடன் இணைந்து எழுதிய 'டார்க் ஸ்டார்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்படத்தில் பொருட்பற்றாக்குறை மறைக்கப்படவில்லை. கதைப்பொருளாகவே ஆக்கப்பட்டுள்ளது என்பதும், அதனைக் கல்ட் நிலைக்கு உயர்த்தியது இவ்வாக்கமே என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்துகளாகும்.

நகையின் நிலைக்களன்கள்

பகடி பற்றிய மேலைநாட்டு ஆய்வுகளுள் லிண்டா ஹட்சியன் 1985இல் வெளியிட்ட பகடிக் கோட்பாட்டு நூல் அடிப்படையானது. பகடி என்பது ஒரு மூலத்தைத் திறனாய்வு இடைவெளியுடன் திரும்பச் செய்தல் என்றும், அது மூலத்தை இழிவுபடுத்துவதாகவே இருக்க வேண்டியதில்லை என்றும் அவர் கொள்கிறார். சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய கட்டுரையில் 'கேம்ப்' என்னும் சுவையை அறியாது செய்யப்படுவது, அறிந்தே செய்யப்படுவது என இரண்டாகப் பிரித்து, முன்னதையே தூயதாக மதித்தார். இவ்விரு கருத்துகளும் பயன்படுவனவே. எனினும், சிரிப்பு எதனின்று பிறக்கிறது என்னும் வினாவுக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் பகுப்பு இவற்றினும் நுட்பமாக இடங்கொடுக்கிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நிலைக்களன்கள் என்பது தொல்காப்பியம். இவை தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என்பது உரைமரபு. ஆகவே ஒருவர் பிறரை எள்ளுதலும், தாம் எள்ளப்படும் நிலையைக் கண்டு தாமே நகுதலும் எள்ளலுள் அடங்கும்.

இப்பகுப்பைத் திரைப்படத்திற்குப் பொருத்திப் பார்க்குமிடத்து, 'மோசமான படம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவன வெவ்வேறு வகையின என்பது தெளிவாகும். எட் வுட் இயக்கி 1957இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' பேதைமை வழிப்பட்ட நகையைத் தருவது. அதில் நடிக்கவிருந்த பேலா லுகோசி 1956இல் இறந்துவிட, உருவ ஒப்புமை அற்ற வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் வேடத்தைத் தொடர்கிறார். இயக்குநர் இதை நகைச்சுவையாகக் கருதவில்லை. பார்வையாளர் கண்டுகொள்ள மாட்டார் என்றே நம்பினார். 1980இல் மெட்வெட் சகோதரர்களின் நூல் இப்படத்திற்கு எக்காலத்திலும் மோசமான படம் என்ற பட்டத்தைச் சூட்டியது. அதன் புகழும் அதன்பின்னரே பெருகியது. இங்கே நகுபவர் பார்வையாளர், நகப்படுபவர் படைப்பாளி. பகடி என்பதற்கு இதில் இடமே இல்லை. 'டார்க் ஸ்டார்' இதனோடு ஒரே அடுக்கில் வைத்துப் பேசப்படுவது வழக்கமாயினும், நகையின் நிலைக்களனால் இரண்டும் எதிரெதிரானவை.

மாணவர் படம் திரையரங்குப் படமான வரலாறு

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பிரிவில் பயின்ற கார்ப்பென்டரும் ஓ'பேனனும் 1970இல் இப்படத்தைத் தொடங்கினர். 16 மி.மீ. படச்சுருளில், கையில் பணம் கிடைத்தபோதெல்லாம் சிறிது சிறிதாக எடுக்கப்பட்ட மாணவர் படம் அது. கார்ப்பென்டர் இயக்கத்தோடு இசையையும் மேற்கொண்டார். ஓ'பேனன் எழுதினார், தொகுத்தார், சிறப்புக் காட்சிகளை மேற்பார்த்தார், சார்ஜென்ட் பின்பேக் என்னும் பாத்திரத்திலும் நடித்தார். விண்கலத்தின் தோற்றத்தை ஓவியர் ரான் காப் வரைய, அதன் மாதிரியைக் கிரெக் ஜெய்ன் செய்தார்.

படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுசென்றவர் ஜாக் ஹெச். ஹாரிஸ். 1958இல் வெளிவந்த 'தி பிளாப்' என்னும் படத்தின் தயாரிப்பாளரான இவர், இளைஞர்கள் சொற்பத் தொகையில் எடுத்த படங்களை வாங்கி, நீட்டி, வெளியிடுவதில் தேர்ந்தவர். 1970இல் வெளியான 'ஈக்வினாக்ஸ்' படமும் இவ்வாறே அவர் கைக்கு வந்தது. அவருடைய விருப்பத்திற்கேற்பப் புதுக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. படம் 35 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கப்பட்டது; நீளம் 83 நிமிடங்களாயிற்று. மொத்தச் செலவு ஏறத்தாழ 60,000 டாலர். 1974 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் திரைப்பட விழாவில் முதன்முறை காட்டப்பட்ட இப்படம், 1975 தொடக்கத்தில் திரையரங்குகளில் வெளியாகி, சிரிக்க ஆளின்றி ஓய்ந்தது. உலகின் மிகச் சிறந்த மாணவர் படமாக இருந்திருக்கக்கூடியது உலகின் மிகச் சாதாரணமான தொழில்முறைப் படமாகிவிட்டது என்னும் பொருள்பட ஓ'பேனன் பின்னாளில் வருந்தியதுண்டு. அவ்வருத்தம் முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் இப்படம் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டுத் தோற்றது என்பதை அது சரியாகச் சுட்டுகிறது.

அந்த அளவுகோல் ஸ்டான்லி கூப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968). ஒரு கோடி டாலருக்கு மேல் செலவான படம் அது. 'டார்க் ஸ்டார்' அதில் நூற்றைம்பதில் ஒரு பங்கும் செலவழிக்கவில்லை. விளம்பர வாசகத்திலேயே கூப்ரிக்கின் தலைப்பைத் திரித்துக் காட்டியதால், எதைப் பகடி செய்கிறோம் என்பதை வெளியீட்டாளர்களும் மறைக்கவில்லை எனலாம்.

விண்கலத்தின் வறுமை

கூப்ரிக்கின் விண்வெளி வெண்மையானது, மாசற்றது. அங்கே அனைத்தும் இயங்குகின்றன. இயங்காமற் போவது கணிப்பொறியின் மனம் ஒன்றே. அத்தூய்மையைப் போலச்செய்ய மாணவர்களிடம் பணம் இல்லை. இந்நிலையில் அவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: மலிவான பொருள்களைக் கொண்டு செல்வச் செழிப்பைப் பாவித்தல், அல்லது விண்கலமே மலிவானது எனக் கதையை அமைத்தல். அவர்கள் இரண்டாம் வழியைத் தேர்ந்தனர். இத்தேர்விலேதான் படத்தின் முழு ஆற்றலும் அடங்கியுள்ளது.

கதையின் தொடக்கமே நிதிநிலை அறிவிப்பாக இருக்கிறது. புவியிலிருந்து மிகுந்த காலத்தாழ்வுடன் வந்து சேரும் ஒளிபரப்பில் ஓர் அதிகாரி புன்னகையுடன் தோன்றுகிறார். கலத்தில் கதிர்வீச்சுக் கசிவு ஏற்பட்டதற்கும் தலைவர் பவல் இறந்ததற்கும் அவர் வருத்தம் தெரிவிக்கிறார். அடுத்து, கதிர்வீச்சுத் தடுப்புக் கவசங்கள் வேண்டும் என்ற கோரிக்கை நிதிக்குறைப்பின் காரணமாக மறுக்கப்பட்டதையும், தொடர்ந்து நற்பணியாற்றுமாறும் அதே புன்னகை மாறாமல் கூறுகிறார். அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய எவருக்கும் இந்த நடை புதிதன்று. படம் எடுத்தவர்களிடம் பணம் இல்லை. படத்துக்குள் இருப்பவர்களுக்கும் பணம் இல்லை. படைப்பாளியின் நிலையும் பாத்திரத்தின் நிலையும் ஒன்றாகிவிட்ட பிறகு, திரையில் தெரியும் எந்த ஓட்டையும் கதைக்குப் புறம்பான குறையாக நிற்பதில்லை.

விண்கலத்தின் பணி, பிற்காலக் குடியேற்றத்திற்கு இடையூறாகக்கூடிய நிலையற்ற கோள்களைக் குண்டு வைத்துத் தகர்த்தல். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பயணிகளுக்கோ மூன்று ஆண்டுகளே மூப்பு. கலத்தில் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. தலைவர் பவல் இறந்ததும் அவருடைய இருக்கையின் பின்புறத்தில் நேர்ந்த மின்கசிவால்தான். கிடங்கு ஒன்று தானே வெடித்துக் கழிவறைத் தாள் முழுவதும் அழிந்துவிட்டதெனக் கலத்தின் நாட்குறிப்பில் பதிவு செய்யப்படுகிறது. நால்வரும் தாடி வளர்த்துச் சலிப்பில் ஆழ்ந்திருக்கின்றனர். டூலிட்டில் என்பவர் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாடிய நாள்களை எண்ணி ஏங்குகிறார். புட்டிகளைக் கட்டித் தாமே செய்த இசைக்கருவியை வாசிக்கிறார். டால்பி கண்ணாடிக் கூண்டிலிருந்து இறங்குவதே இல்லை. பின்பேக் ஒளிப்பட நாட்குறிப்பில் தம் குறைகளைக் கொட்டுகிறார். தாம் உண்மையில் பின்பேக்கே அல்லர், ஆள்மாறாட்டத்தால் கலத்தில் ஏறிவிட்டவர் என்பதையும் சொல்கிறார். அதைக் கேட்க எவருக்கும் ஆர்வமில்லை.

கட்டுப்பாட்டு அறையில் ஒளிரும் பெரிய பொத்தான்கள் உண்மையில் கீழிருந்து ஒளியூட்டப்பட்ட பிளாஸ்டிக் ஐஸ்கட்டித் தட்டுகள். விண்வெளி உடையின் மார்புப் பகுதி, பணியாரச் சட்டியைப் போன்ற குழிகளையுடைய மஃபின் தட்டு. மின்தூக்கியின் சுரங்கத்தில் பின்பேக் தொங்கித் தவிக்கும் நெடுங்காட்சி, தரையில் கிடைமட்டமாகக் கிடத்தப்பட்ட அமைப்பில் எடுக்கப்பட்டது. செங்குத்தாகக் கட்டும் வசதி இல்லை. இச்செய்திகளை முன்னரே அறிந்து பார்ப்பவருக்கும் காட்சியின் அச்சம் குன்றுவதில்லை என்பது கருதத்தக்கது. காரணம், இக்காட்சியில் கேமரா கேலி செய்வதில்லை. சுரங்கம் ஆழமானது என்ற நம்பிக்கையோடுதான் அது படமாக்கப்பட்டுள்ளது. படம் மலிவை ஒப்புக்கொள்கிறது. ஆனால் மெத்தனத்தை அனுமதிப்பதில்லை. விண்மீன்கள் கோடுகளாக நீண்டோட, கலம் பெருவேகத்தில் பாயும் காட்சி 'ஸ்டார் வார்ஸ்' (1977) வருவதற்கு முன்பே இங்கு இடம்பெற்றுவிட்டது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவற்றுள் மிகுதியாகப் பேசப்படுவது வேற்றுக்கோள் உயிர். பின்பேக் செல்லப்பிராணியாகக் கலத்தில் கொண்டுவந்த அவ்வுயிர், வண்ணம் தெளிக்கப்பட்ட காற்றடைத்த கடற்கரைப் பந்து. அடியில் இரண்டு ரப்பர்ப் பாதங்கள். அதை இயக்கியவர் நிக் காஸ்டில். கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) படத்தில் முகமூடிக் கொலைகாரனாக நடித்தவரும் இவரே. பந்து என்பதைப் பார்வையாளர் ஒரு நொடியில் கண்டுகொள்வர். படமும் அதை மறைக்க முயல்வதில்லை. ஆனால் அது தப்பியோடும்போது பின்பேக்குக்கு நேரும் துன்பம் மெய்யானது; உயிர் போகும் ஆபத்து. உருவத்தின் பேதைமைக்கும் நிலைமையின் கொடுமைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே நகையைப் பிறப்பிக்கிறது. இறுதியில் மயக்க ஊசித் துப்பாக்கியால் சுடப்பட்டதும், பந்து காற்று இறங்கிச் சீறிக்கொண்டு அறையெங்கும் பறந்து விழுகிறது. திரையில் பந்து பந்தாகவே நடந்துகொள்கிறது. வேடம் கலைந்ததைக் காட்சியின் உச்சமாகவே அமைத்துக்கொள்ளும் துணிவு பேதைமையால் வராது. தன்னிடத்துத் தோன்றிய எள்ளல் இது.

இருபதாம் குண்டின் மடன்

தொல்காப்பியர் கூறும் நான்கனுள் மடன் என்பது திரைப்பட நகைச்சுவை பற்றிய ஆய்வுகளில் அரிதாகவே எடுத்தாளப்படுகிறது. பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாது பற்றிக்கொள்ளுதல் என்பது மடம் என்னும் பண்பிற்கு உரையாளர் தரும் விளக்கம். இப்படத்தின் இறுதிப் பகுதியை இவ்விளக்கத்தினும் செம்மையாக வேறு எதுவும் விளக்கிவிடாது.

கலத்திலுள்ள குண்டுகள் பேசும் ஆற்றல் உடையவை. பணிவும் இனிய குரலும் கொண்டவை. தகவல்தொடர்புக் கருவி பழுதானதால் இருபதாம் எண் குண்டுக்குத் தவறான கட்டளைகள் செல்கின்றன. புறப்பட்டு வெளியே வந்த குண்டு இருமுறை சொல்லுக்கு அடங்கித் திரும்புகிறது. மூன்றாம் முறை, உரிய கட்டளையே கிடைத்தும், கலத்தினின்று விடுபட முடியாமல் சிக்கிக்கொள்கிறது. கட்டளைப்படி வெடித்தே தீருவேன் என்கிறது. செய்வதறியாத டூலிட்டில், குளிர்ப்பேழையில் உறைந்து அரைகுறை நினைவுடன் இருக்கும் பவலிடம் ஆலோசனை கேட்கிறார். தமக்கு விருப்பமான பேஸ்பால் அணி எவ்வாறு ஆடுகிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டு, குண்டுக்கு நிகழ்வியல் மெய்யியலைக் கற்பிக்குமாறு பவல் அறிவுறுத்துகிறார்.

டூலிட்டில் விண்வெளி உடையணிந்து குண்டின் முன் மிதந்தபடி பாடம் நடத்துகிறார். நீ இருக்கிறாய் என்பது உனக்கு எவ்வாறு தெரியும்? புலன்கள் தரும் செய்தி உண்மை என்பதற்கு என்ன சான்று? வெடிக்குமாறு கட்டளை வந்தது என்பதும் புலன் தந்த செய்திதானே? டெகார்ட்டின் ஐயம் முதல் ஹுஸ்ஸர்லின் நிகழ்வியல் வரையிலான மரபு, நேரம் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குண்டின் முன் சில நிமிடங்களில் சுருக்கிச் சொல்லப்படுகிறது. குண்டு ஆர்வத்தோடு கேட்கிறது. சிந்திக்க வேண்டும் என்று கூறித் தன் இடத்திற்குத் திரும்புகிறது. கல்வி வென்றுவிட்டது.

அப்பொழுது பின்பேக் குண்டைச் செயலிழக்குமாறு பணிக்கிறார். குண்டு அவரைப் பொய்ச்செய்தி என்று ஒதுக்குகிறது. தான் ஒன்றே இருப்பது உறுதி, ஏனையவை ஐயத்திற்குரியன, ஆகவே தொடக்கத்தில் இருந்தது தானே என்ற முடிவுக்கு வருகிறது. விவிலியத் தொடக்கநூலின் படைப்புக் கட்டளையைத் தன் வாய்மொழியாக உரைத்து வெடிக்கிறது. கற்றதை எல்லை கடந்து பற்றிக்கொண்ட மாணவனின் மடன் இது. '2001'இல் ஹால் என்னும் கணிப்பொறி முரண்பட்ட கட்டளைகளால் நிலைதிரிந்து கொலை செய்கிறது. இங்கே குண்டு ஒழுங்கான தருக்கத்தாலேயே அழிவுக்கு வருகிறது. மூலத்தின் கருவியை எடுத்து அதன் காரணத்தை மாற்றுவதால், ஹட்சியன் கூறும் திறனாய்வு இடைவெளி இக்காட்சியில் முழுமையாக அமைகிறது. குண்டின்மேல் அமர்ந்து வீழும் விமானியைக் காட்டிய கூப்ரிக்கின் முந்தைய படமாகிய 'டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்' (1964) பின்னணியில் நிழலாடுவதையும் கவனிக்கலாம்.

இக்காட்சிக்கு ஆன செலவு மிகச் சொற்பம். ஒரு மாதிரிக் குண்டு, ஒரு குரல், உடையணிந்த ஒரு நடிகர். பணம் தேவைப்படும் இடத்தில் படம் கைவிரித்து, எண்ணம் தேவைப்படும் இடத்தில் தாராளமாகச் செலவு செய்கிறது.

வெடிப்புக்குப் பின் டால்பி ஒளிரும் விண்கற்களோடு விண்வெளியில் செல்கிறார். டூலிட்டில் கலத்தின் உடைந்த தகடு ஒன்றில் ஏறி, அலைச்சறுக்கு ஆடியபடியே கோளின் வளிமண்டலத்தில் எரிந்து மறைகிறார். ரே பிராட்பரியின் 'கலைடோஸ்கோப்' சிறுகதையை இம்முடிவு நினைவூட்டுவது பலரால் சுட்டப்பட்டுள்ளது. அங்கே அவலமாக நின்றது இங்கே நகையோடு கலக்கிறது. எனினும் அவலம் நீங்கிவிடவில்லை. பின்னணியில் ஒலிப்பது, தொலைவிலுள்ள ஓர் அரிசோனா ஊரை எண்ணி ஏங்கும் நாட்டுப்புறப் பாணிப் பாடல். இச்சோகம் இல்லாவிடில் படம் வெறும் கேலியாக முடிந்திருக்கும்.

ஒப்பீடு: இஸ்திரிப் பெட்டியும் தக்காளியும்

இவ்வியல்பு 'டார்க் ஸ்டார்' ஒன்றுக்கே உரியதா, வகைமைக்கே பொதுவானதா என்பதை வேறு சில படங்களோடு ஒப்பிட்டு அறியலாம். எர்னி ஃபோசெலியஸ் 1978இல் ஏறத்தாழ 8,000 டாலரில் எடுத்த 'ஹார்ட்வேர் வார்ஸ்' 13 நிமிடக் குறும்படம். வரவிருக்கும் ஒரு பெரும் படத்தின் முன்னோட்டமாக நடிக்கும் இது 'ஸ்டார் வார்ஸ்' படத்தைப் பகடி செய்கிறது. விண்கலம் இஸ்திரிப் பெட்டி. துரத்தும் கலங்கள் ரொட்டி வாட்டும் டோஸ்டர்கள். தகர்க்கப்படும் கோள் ஒரு கூடைப்பந்து. நூல் தெரிகிறது, தெரியவேண்டும் என்பதே நோக்கம். இங்கும் மலிவு அறிந்தே காட்டப்படுகிறது. ஆனால் கதைமாந்தருக்கு அம்மலிவு தெரியாது. அவர்கள் வறியவர்கள் அல்லர். ஒரு நகைப்பு முடிந்ததும் அடுத்த நகைப்பு தேவைப்படுகிறது. பதின்மூன்று நிமிடங்களுக்கு இது போதும். எண்பது நிமிடங்களை இவ்வுத்தி தாங்காது.

அதே 1978இல் ஜான் டிபெல்லோ இயக்கிய 'அட்டாக் ஆஃப் தி கில்லர் டொமேட்டோஸ்' நிலைமையை வேறு வகையில் காட்டுகிறது. படப்பிடிப்பில் வாடகை ஹெலிகாப்டர் ஒன்று எதிர்பாராது விழுந்து நொறுங்கியது, உள்ளிருந்தோர் தப்பினர், கேமரா இயங்கிக்கொண்டிருந்தது. படத்தின் மிகச் செலவான காட்சி என்று சொல்லத்தக்க அவ்விபத்து கதைக்குள் சேர்க்கப்பட்டது. விபத்தைக் கதையாக்கும் இம்மனநிலை மெச்சத்தக்கது. எனினும் படத்தின் மற்ற நகைச்சுவைகள் அந்த உயரத்தை எட்டுவதில்லை. அதன் தொடர்ச்சியாக 1988இல் வந்த படம் இவ்வகையில் இன்னும் தெளிவானது. கதை நடுவில் பணம் தீர்ந்துவிட்டதாகப் படப்பிடிப்பு நிறுத்தப்படுகிறது; அதன்பின் வணிகப் பொருள்களைக் காட்டிப் பணம் ஈட்டலாம் என்று முடிவாகி, பாத்திரங்கள் ஒவ்வொரு காட்சியிலும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரைக் கையில் ஏந்தி நிற்கின்றனர். பற்றாக்குறை கதைப்பொருளாகும் இடம் இது; அப்படத்தில் நினைவில் நிற்பதும் இப்பகுதியே.

மறுமுனையில் லாரி பிளாமையரின் 'தி லாஸ்ட் ஸ்கெலிட்டன் ஆஃப் கடாவ்ரா' (2001) உள்ளது. 1950களின் மலிவுப் படங்கள் பல எடுக்கப்பட்ட பிரான்சன் கேன்யன் பகுதியிலேயே படமாக்கப்பட்டு, கறுப்பு வெள்ளையில் வெளிவந்த இப்படம், பழைய படங்களின் பேதைமையை நுணுக்கமாகப் போலச்செய்கிறது. சொன்னதையே சொல்லும் உரையாடல், விறைத்த நடிப்பு, கயிற்றில் ஆடும் எலும்புக்கூடு யாவும் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. பாவனைப் பேதைமை என்று இதனைக் கூறலாம். இதற்கும் நெருக்கமான இரசிகர் வட்டம் உண்டு. ஆயினும் சொன்டாக் கூறியவாறு அறிந்து செய்யப்படுவதன் இயல்பான வரம்பு இங்கே தென்படுகிறது: மூலப்படங்களை அறியாதவருக்கு இதில் பாதியும் கிட்டாது. 'டார்க் ஸ்டார்' படத்தை '2001' பார்க்காதவரும் சுவைக்கலாம். அலுவல், சலிப்பு, பழுதான கருவி ஆகியவற்றை அறிந்திருத்தல் போதும்.

கல்ட் நிலை

உம்பர்ட்டோ ஈக்கோ 'காசாபிளாங்கா' படத்தை முன்வைத்து எழுதிய கட்டுரையில், கல்ட் படைப்பு என்பது பகுதி பகுதியாகப் பெயர்த்தெடுக்கத்தக்கதாய், முழுமையிலிருந்து பிரித்து நினைவுகூரத்தக்கதாய் இருக்க வேண்டும் என்றார். ஒழுங்காகக் கட்டப்பட்ட படம் பெயர்த்தெடுக்க இடங்கொடாது. சிறிது சிறிதாக எடுக்கப்பட்டு, பின்னர் நீட்டி ஒட்டப்பட்ட 'டார்க் ஸ்டார்' இயல்பாகவே இத்தன்மை உடையது. பந்துக் காட்சி, மின்தூக்கிக் காட்சி, குண்டின் உரையாடல், அலைச்சறுக்கு முடிவு ஆகிய ஒவ்வொன்றும் தனித்துச் சொல்லத்தக்கவை. ஓ'பேனன் வருந்திய அந்த ஒட்டுவேலையே பிற்காலப் பார்வையாளர் பற்றிக்கொள்ளும் கைப்பிடியாயிற்று.

அப்பார்வையாளரை உருவாக்கியது திரையரங்கு அன்று. 1980களின் தொடக்கத்தில் பரவிய வீடியோ கேசட், திரையரங்கில் ஒருமுறை தோற்ற படத்திற்கு வீட்டில் பலமுறை ஓடும் வாய்ப்பைத் தந்தது. திரும்பப் பார்த்தலே கல்ட் நிலையின் அடிப்படைச் செயல். ஜெஃப்ரி ஸ்கான்ஸ் 1995இல் எழுதிய ஆய்வில், புறக்கணிக்கப்பட்ட படங்களைத் தேடிப் பார்க்கும் இரசனை, ஏற்புடைய கலை எது என்று வரையறுக்கும் நிறுவனங்களுக்கு எதிரான ஒரு நிலைப்பாடு என விளக்கினார். இப்படத்தைப் பொறுத்தவரை அதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பிற்காலப் பார்வையாளர், கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்', ஓ'பேனன் எழுதிய 'ஏலியன்' (1979) ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கி இப்படத்திடம் வந்தனர்.

'ஏலியன்' படத்துடனான உறவு தனியே கூறத்தக்கது. பந்தைக் கண்டு திரையரங்கில் எவரும் சிரிக்காததைக் கண்ட ஓ'பேனன், சிரிக்க வைக்க முடியாவிட்டால் அலற வைக்கலாம் என்று அதே நிலைமையை மீண்டும் எடுத்தார். பழைய விண்கலம், சலிப்புற்ற பணியாளர், பெண்குரலில் பேசும் கணிப்பொறி, கலத்துக்குள் தப்பித் திரியும் ஓர் உயிர், இருண்ட சுரங்கத்தில் அதைத் தேடிச் செல்லும் ஒருவர் ஆகிய அனைத்தும் இரு படங்களிலும் உள்ளன. ரான் காப் இரண்டிலும் பணியாற்றினார். பகடி மூலத்திற்குப் பின் வருவது என்பதே பொதுவிதி. இங்கே பகடி முன்வந்து, அச்சப்படம் அதிலிருந்து பிறந்தது. பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரான 'ரெட் டுவார்ஃப்' (1988) தன் தூண்டுதல்களுள் ஒன்றாக இப்படத்தைக் குறிப்பிட்டதும், கலிஃபோர்னிய இசைக்குழு ஒன்று பின்பேக்கின் பெயரையே சூடிக்கொண்டதும் இதன் பரவலுக்குச் சான்றுகள்.

பற்றாக்குறையே பகடிக்குப் பொருளாகிறது என்னும் கருத்தைச் சோதிக்க ஃபின்லாந்தின் அனுபவம் உதவும். சமுலி டோர்சோனென் முன்னின்று, டிமோ வுவோரென்சோலா இயக்கிய 'ஸ்டார் ரெக்: இன் தி பிர்கினிங்' ஏறத்தாழ ஏழு ஆண்டு உழைப்பில், பெரும்பாலும் ஆர்வலர்களைக் கொண்டு முடிக்கப்பட்டு, 2005 அக்டோபரில் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. 'ஸ்டார் ட்ரெக்', 'பாபிலோன் 5' ஆகிய தொடர்களை அது பகடி செய்கிறது. வீட்டுக் கணிப்பொறிகளில் உருவான அதன் விண்வெளிப் போர்கள் தொழில்முறைப் படங்களுக்கு நிகராக மிளிர்கின்றன. நூலும் அட்டையும் திரையினின்று மறைந்துவிட்டன. அதனால் நகையும் இடம் பெயர்கிறது: பிரம்மாண்டமான கலங்களின் தலைவர்கள் அன்றாட ஃபின்னியப் பேச்சில் வம்பளப்பதே இங்கு நகைக்கு நிலைக்களன். வறுமை கண்ணுக்குத் தெரியாமற் போனபோதும், காட்சியின் பெருமிதத்திற்கும் மாந்தரின் சிறுமைக்கும் இடையிலான இடைவெளி எஞ்சியிருந்தது.

அதே குழு 2012இல் ஏறத்தாழ 75 இலட்சம் யூரோ செலவில் 'அயர்ன் ஸ்கை' படத்தை எடுத்தது. தொகையில் ஒரு பகுதியை இரசிகர்களே திரட்டித் தந்தனர். நிலவின் மறுபுறத்தில் ஒளிந்திருக்கும் நாஜிகள் பற்றிய இப்படம் பெர்லின் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இதில் எள்ளல் முழுவதும் பிறரிடத்ததாகிவிடுகிறது. அரசியல் தலைவர்கள், வல்லரசுகள், விளம்பர உத்திகள் யாவும் எள்ளப்படுகின்றன. தன்னை எள்ளும் இடம் ஒன்றையும் படம் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதன் விண்கலங்கள் பெரியன, கரியன, பல்சக்கரங்கள் நிறைந்தன. எங்கும் ஓர் ஐஸ்கட்டித் தட்டு இல்லை.